காலியான மூன்று இடங்கள்: துணைப் பயிற்சியாளர் நியமனம் பற்றி எங்கள் நிலைப்பாடு

இந்த ஆண்டு ஆட்டப் பருவம் முடிந்த கையோடு எங்கள் கழகத்திலிருந்து மூன்று துணைப் பயிற்சியாளர்கள் விலகிவிட்டார்கள். ஒருவர் முன்களத்தைப் பார்த்துக்கொண்டவர், இன்னொருவர் நடுக்களத்துக்குப் பொறுப்பானவர், மூன்றாமவர் இளம் வீரர்களை வளர்த்தெடுத்தவர். அந்த இடங்களை யாரைக் கொண்டு, எந்த வழியில் நிரப்புவது என்று இயக்குநர் குழு இனிவரும் வாரங்களில் முடிவெடுக்கும். ஆண்டுதோறும் சந்தா கட்டி, மழையிலும் பனிக்காற்றிலும் மைதானத்துக்குப் போய்வரும் மெல்பர்ன் தமிழ் உறுப்பினர்கள் நாங்கள். கூடிப் பேசி எட்டிய முடிவை இங்கே வெளியிடுகிறோம்.

துணைப் பயிற்சியாளர் என்பவர் முதலில் ஆசிரியர். கற்பிக்கத் தெரிந்தவரா என்று பார்த்தே மூன்று இடங்களையும் நிரப்ப வேண்டும். விண்ணப்பங்களை வெளிப்படையாகக் கோர வேண்டும். போன ஆண்டு ஓய்வுபெற்ற நட்சத்திரம் என்பதும் தலைமைப் பயிற்சியாளரின் பழைய கூட்டாளி என்பதும் தனித்தனியாகவோ சேர்ந்தோ ஒரு தகுதி ஆகாது. மூன்றில் முதலில் நிரப்ப வேண்டியது இளம் வீரர்களுக்கான இடம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறு விளக்கம். நீள்வட்ட மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடும் ஆட்டம் இது. ஒரு கழகத்தின் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருப்பார்கள். அத்தனை பேரையும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே கவனிக்க முடியாது. அதனால் பின்களம், நடுக்களம், முன்களம் என்று பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பார்கள். 'லைன் கோச்' என்பது இவர்களைத்தான். சனிக்கிழமை தொலைக்காட்சியில் கண்ணாடி அறைக்குள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி தெரிகிற முகங்கள் இவர்களுடையவை. ஆனால் இவர்களுடைய உண்மையான வேலை செவ்வாயும் வியாழனும் நடக்கிறது. ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன ஆட்டத்தின் காட்சியை நிறுத்தி நிறுத்திப் போட்டு, "இந்த இடத்தில் உன் கண் எங்கே இருந்தது?" என்று கேட்பார்கள். அந்த வேலையைப் பற்றியே இந்த அறிக்கை பேசுகிறது.

கடந்த சில ஆண்டுகளின் விதி மாற்றங்கள் அந்த வார நாள் வேலையின் எடையைக் கூட்டிவிட்டன. முன்பெல்லாம் பயிற்சியாளரின் செய்தியைச் சுமந்துகொண்டு 'ரன்னர்' மைதானத்துக்குள் நினைத்தபோது ஓடலாம். 2019இலிருந்து ஒரு கோல் விழுந்த பிறகு மட்டுமே உள்ளே போகலாம், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் வெளியேறிவிட வேண்டும். அதே ஆண்டு வந்த விதி, நடுவிலிருந்து ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் முன்னே ஆறு, நடுவே ஆறு, பின்னே ஆறு என்று வீரர்களை நிறுத்தச் சொல்கிறது. பின்களத்தில் கூடுதலாக ஒருவரை நிறுத்திச் சமாளிக்கும் வழி அங்கே அடைபட்டது. 2021இல் வீரர்களை மாற்றி இறக்கும் எண்ணிக்கையை 90இலிருந்து 75ஆகக் குறைத்தார்கள். மேலே உட்கார்ந்து ஆட்டத்தைத் திருத்தும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. வீரன் தானாகவே முடிவெடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தால்தான் உண்டு. இந்த நிலையில் கற்பிக்கத் தெரியாத ஒருவரை லைன் கோச்சாக வைத்திருப்பது அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதைவிடக் கெடுதல்.

எங்களுக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. அண்மையில் ஓய்வுபெற்ற, நாங்கள் எல்லோரும் நேசிக்கிற வீரர் ஒருவரை முன்களத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் உறுதியாக வாதாடினார்கள். அவருடைய கோல்களைக் கண்டு கண்ணீர் விட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பேச்சைத் திசைதிருப்பியது, சனிக்கிழமை காலைகளில் 'ஆஸ்கிக்' என்ற சிறுவர் பயிற்சித் திட்டத்தின் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஓர் உறுப்பினரின் அனுபவம். பந்தைக் கையிலிருந்து காலுக்கு விடுவதில்தான் உதையின் பாதி இருக்கிறது. சிறு வயதிலிருந்து அது தானாக அமைந்துவிட்டவர்களிடம் "எப்படி விடுகிறாய்?" என்று கேட்டால் மறுபடியும் உதைத்துக் காட்டுவார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. திணறித் திணறிக் கற்றவரோ, விரல்கள் எங்கே இருக்க வேண்டும், பந்தை வழிநடத்தும் கை எப்போது விலக வேண்டும் என்று படிப்படியாகச் சொல்வார். பெரிய வீரர்கள் எவராலும் கற்பிக்க முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. முடியுமா என்று சோதித்துப் பார்க்காமல் இடம் கொடுக்கக் கூடாது என்கிறோம்.

எடுத்துக்காட்டாக, இந்த ஆட்டத்தில் மைக்கேல் வாஸைவிடப் பெரிய பெயர் அரிது. பிரிஸ்பேன் லயன்ஸ் 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்றபோது அணித்தலைவர் அவர். 2009இல் துணைப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட வேலை செய்யாமல் அதே கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். 2013இல் அந்தப் பொறுப்பு பறிபோனது. பிறகு அவர் செய்த காரியத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். போர்ட் அடிலெய்டில் ஏழு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்து தொழிலைக் கற்றார். 2022இல் கார்ல்ட்டனின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே அந்த அணி இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்றுவரை போனது.

மறுபுறம் கிறிஸ் ஃபேகன். டாஸ்மேனியாக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதன்மைப் போட்டியான ஏஎஃப்எல்லிலோ, அதன் முந்தைய வடிவமான பழைய விஎஃப்எல்லிலோ முதல் அணி ஆட்டம் ஒன்றில்கூட ஆடாதவர். மெல்பர்னிலும் ஹாதர்னிலும் பல ஆண்டுகள் பின்னணியில் உழைத்தார். 2017இல் பிரிஸ்பேனுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். முதல் ஆண்டில் அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2024இலும் 2025இலும் அதே கழகம் கோப்பையைத் தூக்கியது. "ஆடாதவர் சொன்னால் வீரர்கள் கேட்க மாட்டார்கள்" என்று இன்னமும் சொல்பவர்கள் இந்த இரண்டு கோப்பைகளுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும்.

துணைப் பயிற்சியாளர்களை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ரிச்மண்டைக் காட்டுவோம். 2016இல் 13ஆம் இடம். கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கை வெளியேற்ற வேண்டும் என்ற கூச்சல் எல்லாத் திசையிலும் எழுந்தது. கழகம் அவரை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றியிருந்தவர்களை மாற்றியது. ஜீலாங்கிலிருந்து பிளேக் காரசெல்லா வந்தார். பிரிஸ்பேனில் தலைமைப் பொறுப்பை இழந்திருந்த ஜஸ்டின் லெப்பிட்ச் வந்தார். அடுத்த ஆண்டு, 1980க்குப் பிறகு முதல் தடவையாக, கோப்பை ரிச்மண்டுக்குப் போனது. அந்த வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. வீரர் டஸ்டின் மார்ட்டினின் அந்த ஆண்டு ஆட்டத்தை யார் மறப்பார்? ஆனாலும் புதிதாக வந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், வேறு விதமாக யோசித்தவர்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

காலிங்வுட் இதையே வேறு விதமாகச் செய்தது. 2021இல் 17ஆம் இடத்தில் கிடந்த கழகத்துக்குக் கிரெய்க் மெக்ரே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். புதிதாகப் பதவியேற்பவர்கள் பெரும்பாலும் தமக்குக் கீழே அனுபவம் குறைந்தவர்களையே வைத்துக்கொள்வார்கள், தம்முடைய இடத்துக்கு ஆபத்து வராது என்று. மெக்ரே தம்மைவிட அதிகம் பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டார். பிரிஸ்பேனில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்ட லெப்பிட்சும், கார்ல்ட்டனில் அதே அனுபவத்தைக் கண்ட ப்ரெண்டன் போல்ட்டனும் அவரோடு சேர்ந்தார்கள். 2023இல் நான்கே புள்ளி வித்தியாசத்தில் கோப்பை வந்தது. ஆகவே ஓரிடத்தில் பதவி இழந்தவர் என்பதற்காக எவருடைய விண்ணப்பத்தையும் எங்கள் கழகம் ஒதுக்கக் கூடாது. தோற்ற இடத்தில் தாம் செய்த தவறு என்ன என்று நேர்காணலில் கேளுங்கள். தெளிவாகச் சொல்லக்கூடியவர் பெரிய சொத்து.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. வீரர்களின் சம்பளம் தவிர்த்த கால்பந்துத் துறைச் செலவுக்கு ஏஎஃப்எல் விதித்திருக்கும் வரம்பை 'சாஃப்ட் கேப்' என்கிறார்கள். மீறினால் அதற்கென வரி கட்ட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கென, அந்த வரம்பை ஏறக்குறைய 97 லட்சம் டாலரிலிருந்து 62 லட்சம் டாலராக வெட்டினார்கள். அப்போது வேலை இழந்த பயிற்சியாளர்களில் பலர் மறுபடி இந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. எஞ்சியவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்யப் பழகிக்கொண்டார்கள். பிறகு வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, ஆனால் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஒரு பெரிய பெயருக்குப் பெரிய சம்பளம் கொடுத்தால் கைவைக்கப்படுவது எப்போதும் இளம் வீரர்களுக்கான பயிற்சியாளரின் மேல்தான். அவரைப் பகுதிநேரமாக்குவார்கள், அல்லது கழகத்தின் இரண்டாம் நிலை விஎஃப்எல் அணியின் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டுவார்கள். இந்தத் தடவை அது நடக்கக் கூடாது என்று கழகத்தை அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். நவம்பர் தேர்வில் எடுக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதிவிட்டு, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முழுநேரமாக ஓர் ஆளை வைக்காமல் இருப்பது நியாயமில்லை.

யாரை நேர்காணலுக்கு அழைப்பது? விக்டோரியாவின் இன்றைய விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்ஏஎன்எஃப்எல், மேற்கு ஆஸ்திரேலியாவின் டபிள்யூஏஎஃப்எல் ஆகியவற்றில் ஆண்டுக்கணக்காகக் குறைந்த வசதியோடு அணிகளை உருவாக்கியவர்கள் இருக்கிறார்கள். லூக் பெவரிட்ஜ் 2006, 2007, 2008இல் அமெச்சூர் போட்டியில் செயின்ட் பீட்ஸ் மென்ட்டன் அணிக்கு, ஒவ்வொரு பிரிவாக மேலேறியபடி, மூன்று கோப்பைகள் வாங்கித் தந்தவர். காலிங்வுட்டும் ஹாதர்னும் அவரைத் தேடிப்பிடித்து உதவியாளராக வைத்துக்கொண்டதால்தான் 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை கொண்டுவர அவரால் முடிந்தது. அப்படித் தேடிப்பிடிக்கும் கண் நம் கழகத்துக்கும் வேண்டும்.

பெண்களையும் அழைக்க வேண்டும். பீட்டா சேர்ல் டாரெபின் ஃபால்கன்ஸ் பெண்கள் அணிக்குக் கோப்பைகள் குவித்தவர், போர்ட் மெல்பர்னில் ஆண்கள் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாமல் ஒதுங்கிய பிறகே, 2014இல், செயின்ட் கில்டா அவரை அழைத்தது. ஏஎஃப்எல் கழகமொன்றில் வளர்ச்சிப் பயிற்சியாளர் பதவி பெற்ற முதல் பெண் அவர். டெய்சி பியர்ஸ் 2023இல் ஜீலாங்கில் ஆண்கள் அணியோடு பணிபுரிந்து, அடுத்த ஆண்டே வெஸ்ட் கோஸ்ட் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். திறமை இருக்கிறது, கதவுதான் அரிதாகத் திறக்கிறது.

பூர்வகுடி மக்களுக்கு அந்தக் கதவு இன்னும் இறுக்கமானது. இந்த ஆட்டத்தின் அழகில் பெரும் பங்கு அவர்கள் தந்தது. பாலி ஃபார்மர் 1973 முதல் 1975 வரை ஜீலாங்கின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஆனால் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு பூர்வகுடி மனிதர்கூட எந்தக் கழகத்திலும் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்படவில்லை. தலைமைப் பதவிக்கான ஏணியின் முதல் படி துணைப் பயிற்சியாளர் பதவிதான். அங்கேயே ஆளை ஏற்றாமல், மேலே ஒருவரும் இல்லையே என்று வருந்திப் பயனில்லை. மூன்று இடங்களுக்கான நேர்காணல் பட்டியலிலும் குறைந்தது ஒரு பூர்வகுடிப் பயிற்சியாளரும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். கணக்குக் காட்டுவதற்காக அழைத்து அனுப்பிவிடாமல், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தையும் அதே கேள்விகளையும் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

நேர்காணலில் பேச்சுத் திறமையை மட்டும் அளக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிட ஆட்டக் காட்சியைக் கொடுத்து, மூன்று இளம் வீரர்களிடம் அனுப்புங்கள். சொல்லிக்கொடுக்கட்டும். அவர் போன பிறகு அந்த மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: என்ன புரிந்தது, நாளை எதை வேறு விதமாகச் செய்வாய்? அந்தப் பதில்களுக்கு இயக்குநர்களின் அபிப்பிராயத்துக்குச் சமமான எடை இருக்கட்டும். தலைமைப் பயிற்சியாளருக்குப் பிடிக்காதவரை அவர்மேல் திணிக்கச் சொல்லவில்லை. இறுதிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கலாம். பட்டியலைத் தயாரிப்பது அவர் ஒருவருடைய வேலையாக இருக்கக் கூடாது.

தேர்வானவருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் கொடுங்கள். பெர்த்திலிருந்தோ அடிலெய்டிலிருந்தோ பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிரித்து, வீட்டைக் காலிசெய்துகொண்டு வருகிறவரிடம், அடுத்த ஆகஸ்டில் என்ன ஆகுமோ என்ற பயத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் யாருக்கு எதைக் கற்பிப்பார்? 2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாகச் சேரவிருக்கிறது. அதற்கும் ஒரு முழுப் பயிற்சியாளர் குழு தேவைப்படும். நல்லவர்களை இப்போதே கௌரவமாக வைத்துக்கொள்ளாத கழகங்கள் அப்போது அவர்களை இழக்கும்.

இந்த அறிக்கையின் பிரதியை இயக்குநர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். விண்ணப்பங்கள் வெளிப்படையாகக் கோரப்பட்டனவா, யார் பட்டியலைத் தயாரித்தார்கள், இளம் வீரர்களுக்கான வளர்ச்சிப் பயிற்சியாளர் முழுநேரமா என்ற மூன்று கேள்விகளையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுப்புவோம். நவம்பரில் பயிற்சி தொடங்கும்போது மூத்தவர்களுக்கு முன்பாக மைதானத்துக்குத் திரும்புகிறவர்கள், கழகத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு தாண்டாத இளையவர்கள். அந்த முதல் காலையில் அவர்களுக்காக ஒருவர் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும்.