கூடத்தில் இருந்த கணினி

சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தார். அவர் வழக்கமாக அந்நேரத்தில் அழைப்பது புதிதாகப் படித்த நாவலைப் பற்றிப் பேசுவதற்குத்தான். அன்று கேட்டது வேறு. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் செல்பேசியில், அவனுக்குத் தெரியாமல் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அவன் யாரிடம் பேசுகிறான், என்ன எழுதுகிறான் என்பதெல்லாம் தனக்கு வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் பதின்வயதுப் பெண் ஒருத்தி இருப்பதால் எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். அப்படி என்ன செய்துவிட்டான் என்று கேட்டோம். "ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

அவருடைய பயத்தைக் கேலி செய்ய எங்களால் இயலாது. ஆனால் அவர் கேட்ட மென்பொருளைப் பரிந்துரைக்கவும் மனம் வரவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறோம்.

வாசிப்பவர்களாகிய நாம் பெரும்பாலோர் ஒளித்துப் படித்தே வாசகர்களானவர்கள். இயற்பியல் புத்தகத்துக்குள் மாத நாவலை வைத்துப் படித்தவர்கள், பரணில் கிடந்த பழைய தொடர்கதைத் தொகுப்புகளை மொட்டை மாடிக்குக் கடத்தியவர்கள். வயதுக்கு ஒவ்வாதவை என்று பெரியவர்கள் கருதியவற்றையும் படித்தோம்; கெட்டுவிடவில்லை. எனவே நம் பிள்ளைகளையும் அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு வாதம் நம்மிடையே சுலபமாக எழுகிறது. கேட்க இனிமையான வாதம்தான். ஆனால் அது சரியல்ல. நாம் ஒளித்துப் படித்த புத்தகம் நம்மைத் திரும்பிப் படிக்கவில்லை. நமக்குப் பதில் எழுதவில்லை. உன் புகைப்படம் ஒன்றை அனுப்பு என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. இன்றைய திரைக்கு அது கிடையாது. பக்கம் முடியாமல் உருண்டுகொண்டே இருக்கும் வடிவமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.

விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். மணிக்கணக்கில் காசு, மரத்தடுப்புகள், முதுகுக்குப் பின்னால் நடமாடும் கடைக்காரர். பிறகு வீட்டுக்குக் கணினி வந்தபோது அது கூடத்தில்தான் வைக்கப்பட்டது. தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா செய்தித்தாள் படிப்பார், பாட்டி குறுக்கே நடப்பார், தம்பி தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பான். அதை யாரும் கண்காணிப்பு என்று அழைத்ததில்லை. நாலு பேர் புழங்கும் இடத்தில் இருந்ததே பாதுகாப்பாக இருந்தது.

2016க்குப் பிறகு மலிவான இணையமும், 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வந்த இணைய வகுப்புகளும் அந்தக் கூடத்தை இல்லாமலாக்கின. செல்பேசியை வாங்கிக் கொடுத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடத்தைக் கவனி என்று சொன்னவர்கள் நாம்தான். அந்தக் கதவை இப்போது களவாகத் திறக்கப் பார்க்கிறோம்.

ஆபத்துகள் கற்பனை அல்ல. விளையாட்டின் வழியாகவோ படப்பகிர்வுத் தளத்தின் வழியாகவோ ஒருவர் அறிமுகமாவார். வீட்டில் எவரும் கேட்காத அளவுக்கு அக்கறையாகப் பேசுவார். சில நாட்களில் ஒரு படம் கேட்பார். படம் கைக்கு வந்ததும் குரல் மாறும். பணம் கொடு அல்லது இன்னொரு படம் கொடு, இல்லையேல் உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இதில் பெண் பிள்ளைகள் மட்டும் சிக்குவதில்லை, பையன்களும் சிக்குகிறார்கள். இப்போது பிள்ளை எதையும் அனுப்பியிருக்கவும் வேண்டியதில்லை. பள்ளி விழாவில் எடுத்த சாதாரணப் படத்தையே செயற்கை நுண்ணறிவால் நிர்வாணப் படமாக்கிவிட முடிகிறது.

இந்த மிரட்டலின் முதலீடு எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலீடு அந்தப் படம் அல்ல. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்கிற அச்சம்தான். வீட்டுக்கு முன்பே தெரியும் என்றால், மிரட்டுபவனிடம் எஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே சொல்லப் பயப்படும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும், தன்னை அறியாமலே அவனுக்கு மூலதனம் தருகிறது. பெண் பிள்ளை என்றால் அந்த அச்சம் இருமடங்கு. செல்பேசி பறிபோகும், தோழிகள் போவார்கள், சில வீடுகளில் படிப்பே நின்றுவிடும். அவள் வாயைத் திறக்க நாம் வைத்திருக்கும் விலை அது. இவ்வளவு விலை வைத்துவிட்டு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சட்டங்கள் வருகின்றன. ஆஸ்திரேலியா 2024இல் இயற்றிய சட்டப்படி, 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அபராதம் நிறுவனங்களுக்கே, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. அது சரியான திசை என்றே நினைக்கிறோம். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பல தளங்கள் வைத்திருக்கும் பதின்மூன்று என்ற வரம்போ பிள்ளைகளின் முதிர்ச்சியை அளந்து வைத்ததல்ல. 1998இன் அமெரிக்கச் சட்டம் ஒன்று தரவு சேகரிப்புக்கு வகுத்த எல்லை, அவ்வளவுதான். சட்டம் தேவை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மிரட்டல் வரும்போது பிள்ளையின் பக்கத்து அறையில் இருப்பது சட்டம் அல்ல, நாம்.

கண்காணிப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் செல்பேசியைப் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். பார்ப்போம் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வயது ஏற ஏறக் கயிறு நீள வேண்டும். ஒளிந்திருந்து பார்ப்பது வேறு வகை. அது தெரியவரும் நாளில் பிள்ளை கற்றுக்கொள்வது பாதுகாப்பை அல்ல, இரண்டாவது கணக்கு ஒன்றை இன்னும் கவனமாக ஒளிப்பதை.

எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் உண்டு. இரவு பத்து மணிக்கு எல்லாச் செல்பேசிகளும், எங்களுடையவை உட்பட, கூடத்து அலமாரியில் மின்னேற்றத்துக்குப் போய்விடும். எங்களுடையவை என்ற இடத்தில்தான் முதல் மாதம் தோற்றோம். மகளுடைய கணக்குகள் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்தவை. இருப்பிடம் காட்டுதல் அணைக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உண்டு. இவற்றை அவளே அமைத்தாள், எங்களுக்கும் அமைத்துக் கொடுத்தாள்.

ஆனால் முக்கியமானதில் நாங்கள் ஒருமுறை தவறினோம். பதினான்கு வயதில், விளையாட்டில் அறிமுகமான ஒருவர் படம் கேட்பதாக அவளே வந்து சொன்னாள். எங்கள் வாயிலிருந்து வந்த முதல் சொல், "அவனிடம் ஏன் பேசினாய்?" அதற்குப்பின் பல மாதங்கள் அவள் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்று நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது. பிறகுதான் அவளை உட்காரவைத்து ஒரு வாக்குக் கொடுத்தோம்: எது நடந்தாலும், தவறு உன்னுடையதாகவே இருந்தாலும், முதலில் உன் பக்கம் நிற்போம், சொன்னதற்காகச் செல்பேசியைப் பிடுங்க மாட்டோம்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் அன்றே பேசிவைத்தோம். பணம் கொடுக்கக்கூடாது. உரையாடலை அழிக்கக்கூடாது, திரைப்படியெடுத்து வைக்க வேண்டும். ஆளைத் தடுத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் 2012இன் போக்சோ சட்டப்படி குழந்தையே. அவர்களுடைய அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, படத்தை வெளியே அனுப்பாமலே அதன் எண்வடிவ அடையாளத்தைக் கொண்டு, இணைந்துள்ள தளங்களில் அது பரவுவதைத் தடுக்க உதவுகிறது.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமலிருந்தவர், "நான் அவன் வயதில் எங்கள் அப்பாவிடம் எதையுமே சொன்னதில்லை" என்றார். நாங்களும் சொன்னதில்லை. அந்த மென்பொருளை அவர் நிறுவினாரா என்று தெரியாது. கேட்பது நாகரிகமாகவும் படவில்லை. சென்ற வாரம் பேசும்போது, இரவில் தன் செல்பேசியைக் கூடத்தில் வைக்கத் தொடங்கியிருப்பதாகவும், மகன் இரண்டு நாட்கள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தன்னுடையதையும் அதன் பக்கத்தில் வைத்தான் என்றும் சொன்னார். இன்னும் எதுவும் பேசவில்லையாம். பேசுவான் என்று நம்புகிறோம்.