பில்லிங்ஸின் பென்சில் குறி

ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இந்த வாரம் முழுக்க என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தது.

அக்கா மகள் மருத்துவ மேற்படிப்பில் தேள்கடி பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரிலிருந்து டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பிரசோசின் மருந்தைப் பற்றி 1986இல் ‘லான்செட்’ இதழில் எழுதியதில் தொடங்கி, அவள் பார்க்க வேண்டிய கட்டுரைகள் ஏராளம். பப்மெட் தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எக்செலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். “கண்ணெல்லாம் எரியுது மாமா” என்றாள். “ஒட்டவே வேண்டாம்மா, மொத்தமாக் கேட்டாலே குடுப்பாங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பப்மெட்டை நடத்தும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ‘ஈ-யுட்டிலிட்டீஸ்’ என்றொரு வசதியைத் திறந்து வைத்திருக்கிறது. முகவரிப் பட்டையில் ‘ஈசர்ச்’ கட்டளையுடன் தேட வேண்டியதை எழுதினால் பொருந்தும் கட்டுரைகளின் எண்கள் வரும். அந்த எண்களை ‘ஈஃபெட்ச்’சுக்குக் கொடுத்து, எக்ஸ்எம்எல்லாக வேண்டும் என்று சேர்த்துவிட்டால் போதும். தலைப்பு, இதழ், ஆண்டு, ஆசிரியர் எல்லாம் அதனதன் குறிக்குள் தனித்தனியாக வந்துவிடும். கட்டணம் கிடையாது, மனுப் போட வேண்டாம். நொடிக்கு 3 கோரிக்கை அனுப்பலாம். இலவசமாகவே தரும் ஏபிஐ சாவி இருந்தால் 10. மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை உலகில் யார் கேட்டாலும் இப்படித்தான் தருகிறார்கள்.

இதை நம் ஊர் நடைமுறையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பிடிஎஃப் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கணினியில் அட்டவணையாகத் தட்டிய தகவலை அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து, சாய்ந்த படமாக ஏற்றிவிட்டு, ‘தகவல் பொதுவெளியில் உள்ளது’ என்று சொல்லிவிடுகிறோம். அதை மறுபடி எண்ணாக்க ஒரு மாணவர் இரவெல்லாம் தட்ட வேண்டும். முதலில் தட்டியவரின் உழைப்பையும் சேர்த்து வீணாக்குகிற காரியம் இது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

தேள்கடிக் கட்டுரைகளைப் பற்றியே எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கோப்பின் கீழ்ப்பகுதியில் கண் நின்றுவிட்டது. கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்புகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒய் அல்லது என் என்று ஓரெழுத்து. ஒய் என்றால் அதுதான் கட்டுரையின் முக்கியப் பொருள். 2022 முதல் இந்தத் தலைப்புகளை நிரல்தான் இடுகிறது. அதற்கு முன்பு பல்லாண்டுக் காலம் மனிதர்கள் படித்துப் படித்து இட்ட குறி அது.

அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஜான் ஷா பில்லிங்ஸ் வருவார். படிக்கும் காலத்தில் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றி ஆய்வேடு எழுத நூல் தேடி அலைந்து, வேண்டியதெல்லாம் கிடைக்கும் நூலகம் அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லையென்று நொந்தவர். உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தார். போருக்குப் பின் ராணுவ மருத்துவத் தலைமையகத்தின் சிறிய நூலகம் அவர் பொறுப்புக்கு வந்தது. லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கில்தான் அது சுமார் 20 ஆண்டுகள் இருந்தது. வந்து குவியும் மருத்துவ இதழ்களை பில்லிங்ஸ் வீட்டுக்கு எடுத்துப் போய், எந்தக் கட்டுரை அட்டவணையில் சேர வேண்டும் என்று இரவில் பென்சிலால் குறியிடுவார். எழுத்தர்கள் அதைப் பார்த்து அட்டைகளில் எழுதுவார்கள். அந்த உழைப்பிலிருந்து, ராபர்ட் ஃபிளெட்சரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, 1879இல் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொடங்கினார். 1960களில் அது கணினிக்குள் போனது. 1997இல் பப்மெட் வழியாக எல்லாருக்கும் இலவசமானது.

என்னைச் சிலிர்க்க வைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்த ஹெர்மன் ஹொலரித் என்ற இளைஞரிடம், இந்த எண்ணும் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும் என்று தேநீர் மேசையில் சொன்னவர் பில்லிங்ஸ்தான். ஹொலரித்தே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருடைய துளை அட்டை இயந்திரம் 1890 கணக்கெடுப்பில் இறங்கியது. அவர் நிறுவனம் வேறு சிலவற்றுடன் இணைந்து 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. ஆய்வேட்டுக்கு நூல் கிடைக்காத மனிதர் அட்டவணையையும் உண்டாக்கினார், அதைச் சுமக்கப்போகும் இயந்திரத்துக்கும் வித்திட்டார்.

பொருள் பிரித்துக் குறியிடும் அந்த வேலையை நம் கல்லூரி நூலகர்களும் தினமும் செய்கிறார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் கோஹா என்ற நூலக மென்பொருள்தான் ஓடுகிறது. பட்டியல் முழுவதையும் இணையக் கோரிக்கை வழியே எக்ஸ்எம்எல்லாக வழங்கும் ‘ஓஏஐ-பிஎம்எச்’ வசதி அதிலேயே இருக்கிறது. நிறுவும்போது அது அணைந்த நிலையில் வரும். நிர்வாகப் பக்கத்தில் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போய் அதை இயக்கிவிட்டால் போதும், புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இதைப் படிக்கும் நூலகர்கள் நாளைக்கே முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை இயக்கிவிடுங்கள்.