விளையாட்டின் நடுவே அணையும் கம்ப்யூட்டர்

காவேரிப்பட்டினத்தில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை இரவு. கல்லூரியில் படிக்கும் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் கட்சியில் ஐந்து பேர். ஒருவன் ஓசூரில் இருக்கிறான். இன்னொருவன் கோலாரில். எதிர்க்கட்சியிலும் ஐந்து பேர். துப்பாக்கிச் சண்டை உச்சக்கட்டத்தில் இருக்கிறது. திடீரென்று படம் அப்படியே நிற்கிறது. அடுத்த விநாடி, திரை இருட்டு!

"கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுப்பா. புதுசு வாங்கணும்" என்கிறான் பையன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாலேதானேடா வாங்கினோம்?" என்கிறார் தகப்பனார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். வீட்டுக்கு வந்து நாலு வருஷம். ஆனால் பெங்களூரில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட பிறகு வந்தது அது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிருஷ்ணகிரி எல்லையிலிருந்து அது கூப்பிடு தூரம். கம்ப்யூட்டரின் உண்மையான வயது பத்துக்கு மேல்!

விளையாட்டுதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. அதே கம்ப்யூட்டரில்தான் பையன் கல்லூரிப் பாடம் எழுதுகிறான். தங்கை தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறாள். விளையாட்டு ஓடக்கூடிய புதுக் கம்ப்யூட்டர் வாங்க நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் வேண்டும். மாங்கூழ் ஆலைச் சம்பளத்தில் அது பல மாதச் சேமிப்பு. ஆகவே, பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். கெட்டுப்போனது எது?

இதில் இரண்டு வியாதிகள் இருக்கின்றன. ஒன்று, கம்ப்யூட்டரின் உடம்பில் இருப்பது. மற்றொன்று, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்பெனி கதவை அடைத்துவிட்டது. முன்னதை உள்ளூர் மெக்கானிக் தீர்த்துவிடலாம். பின்னதை எந்த மெக்கானிக்காலும் தீர்க்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணம் பாழாகிறது.

உஷ்ணமும் தூசியும்

முதலில் உடம்பு வியாதி. கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் சில்லு, கடிதம் அடிக்கும்போது சும்மா இருக்கிறது. விளையாட்டு ஓடும்போது முழு வேகத்தில் வேலை செய்கிறது. கொதிக்கிறது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் ஒரேயடியாக அணைந்துவிடும். கெட்டுப்போய் அணைவதல்ல இது. கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அணைவது!

பத்து வருஷ தூசி விசிறிக்குள் பஞ்சு போல அடைத்துக்கொண்டிருக்கும். சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதன் மேல் கிருஷ்ணகிரி கோடை வெயில் வேறு.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம் நன்றாக ஓடும். பிறகு அணையும். சற்று நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். இப்படி இருந்தால் பிரஷ்ஷால் தூசி தட்டி, புதுப் பசை தடவினால் போதும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

மின்சாரப் பெட்டி இன்னொரு சந்தேகப் பேர்வழி. அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஒல்லிப் பெட்டிகளில் பெரும்பாலும் 240 வாட் போலச் சிறிய அளவில்தான் அது இருக்கும். ஆபீஸ் வேலைக்கு அது ஏராளம். பையன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்துகிறான். சண்டைக் காட்சியில் கார்டு மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பெட்டி தாங்கவில்லை. கம்ப்யூட்டர் 'டப்'பென்று அணைந்து தானாக மறுபடி கிளம்பும். 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு, தனி மின்கம்பி கேட்காது. ஒல்லிப் பெட்டிக்கு அதுதான் ஏற்றது.

ராம் என்கிற நினைவகம் சரியாகப் பொருந்தாவிட்டால் நீலத் திரை வரும். அந்தத் துண்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். சிரிக்க வேண்டாம், பல தடவை பலிக்கிறது. பலிக்காவிட்டால் விண்டோசுக்குள்ளேயே நினைவகப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஓடவிட்டுப் பார்க்கச் செலவே இல்லை.

இன்னும் அற்பமான காரணமும் உண்டு. உள்ளே ஒரு நாணயம் அளவு பாட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தேதியை மறந்து, பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பான கம்ப்யூட்டரை விளையாட்டுக் கம்பெனியின் சர்வர் உள்ளே சேர்ப்பதில்லை. "போர்டு போயிடுச்சு" என்று சொல்லப்பட்ட சில கம்ப்யூட்டர்களுக்கு வேண்டியிருப்பது அந்தப் பாட்டரி மட்டும்தான்.

பழசு என்பதாலேயே அணைகிறது என்றும் சொல்ல முடியாது. 2024-ல் இன்டெல் கம்பெனியின் விலை உயர்ந்த 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் விளையாட்டின் நடுவே நின்றுபோயின. சில்லு தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதுதான் காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியும் கொடுத்தது.

அடைபட்ட கதவுகள்

இனி இரண்டாவது வியாதி. இங்கே கம்ப்யூட்டரின் உடம்பு திடமாக இருக்கிறது. ஆனாலும் விளையாட்டு ஓடாது.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2020 ஜனவரி 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடை, 2024 ஜனவரி 1-ல் விண்டோஸ் 7-ஐயும் 8-ஐயும் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் அந்தக் கடை வழியாகத்தான் திறக்க வேண்டும்! 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-ன் முறை வந்தது.

பழைய கம்ப்யூட்டருக்கென்றே வந்த விளையாட்டும் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டருக்கான 'பப்ஜி லைட்'. 4 ஜி.பி. நினைவகமும், தனிக் கார்டு இல்லாத சாதாரணச் சில்லும் அதற்குப் போதும். 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. 2021 ஏப்ரல் 29-ல் கம்பெனி அதை மூடிவிட்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் கெடவில்லை. விளையாட்டுதான் செத்தது.

'வாலரண்ட்' கதை வேறு. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்க அதில் ஒரு காவல்காரன் உண்டு. விண்டோஸ் 11-ல் அந்தக் காவல்காரன், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கிறான். இல்லையென்றால் 'வி.ஏ.என். 9001' என்று எண்ணைக் காட்டி வெளியே தள்ளுகிறான். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஏற்றதல்ல என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. சிலர் குறுக்கு வழியில் அதை ஏற்றிவிடுகிறார்கள். விண்டோஸ் ஓடும். நேற்று வரை ஓடிய விளையாட்டு நின்றுவிடும்! சற்றுப் புதிய கம்ப்யூட்டர்களில் இந்த வசதி இருந்தும் மூடி வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பில் போய்த் திறந்துவிட்டால் காரியம் முடிந்தது.

இலவச லேப்டாப்

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரே அரசாங்கம் கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வந்த லேப்டாப்புகளில் 2 ஜி.பி. நினைவகம். அன்றைய பாடத்துக்கு அது போதும். இன்றைய விளையாட்டுக்கு அது கடுகு. பல வீடுகளில் அண்ணன் படித்த லேப்டாப் தம்பி கைக்கு வந்திருக்கிறது. அதில் புது விளையாட்டைப் போட்டுவிட்டு "நிற்கிறது" என்று குறை சொல்வது நியாயமாகாது. 2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அரசு அறிவித்தது. அதுவும் படிப்புக்கான சாதனம்தான்.

நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்றால், அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியில் விலை எக்கச்சக்கமாக ஏறியது. அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, 'குருஷியல்' என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்கக் கணினிக் கூடத்துக்கும் காவேரிப்பட்டினம் பையனின் ஆட்டத்துக்கும் முடிச்சு விழுந்துவிட்டது!

ஐரோப்பாவில் இதை எதிர்த்துக் குரல் எழுந்தது. 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை அதன் கம்பெனி 2024 மார்ச் 31-ல் மூடியது. வாங்கியவர்களாலும் ஆட முடியவில்லை. விற்ற விளையாட்டைக் கொல்லக் கூடாது என்று ஐரோப்பிய யூனியனுக்கு எழுதிய மனுவில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுத்தது. வாங்கியவனுக்கு நாளைக்கும் ஆட உரிமை உண்டா என்பதற்கு அதில் இடமில்லை. அந்தக் கேள்வியும் ஒரு நாள் வந்தே தீரும்.

போலி மருந்து

ஆட்டம் நின்ற ஆத்திரத்தில் பையன்கள் செய்யும் ஒரு காரியம்தான் பெரிய ஆபத்து. "ஒரே கிளிக்கில் சரியாகும்" என்று வரும் இலவச மருந்துகளை இறக்கிக்கொள்கிறார்கள். வைரஸ் காவலை அணைக்கச் சொன்னால் அதையும் அணைக்கிறார்கள். அவற்றில் பல திருட்டு நிரல்கள். அதே கம்ப்யூட்டரில் தகப்பனாரின் பாங்கிக் கணக்கும் இருக்கிறது! கிராபிக்ஸ் டிரைவரை அதைச் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓர் ஆண்டு தவணை கொடுத்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துவைத்தால் அதற்குக் காசு இல்லை. திருத்தம் நின்றுபோன கம்ப்யூட்டரில் பையன் ஆடிக்கொள்ளலாம். பாங்கிக் கணக்கையும் தேர்வு விண்ணப்பத்தையும் வேறு சாதனத்துக்கு மாற்றிவிட வேண்டும்.