மூச்சுக்கு விலை முதுகெலும்பா?

“வயதாகிவிட்டது, விழுந்தாள், முறிந்தது, இதில் அதிசயம் என்ன?” என்று பேசுவோர் நம்மிடையே ஏராளம். ஆபீஸ் கிராணியும் அப்படித்தான் சொல்கிறார். பெற்ற பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறான். குளியலறையில் வழுக்கியவள் அறுபத்தைந்து வயதுக்காரி என்றால் அத்துடன் விசாரணை முடிந்தது. அவளுக்கு எத்தனை வருடமாக இழுப்பு? இழுப்புக்கு என்ன மாத்திரை விழுங்கினாள்? எத்தனை மாதம் விழுங்கினாள்? கொடுத்தவர் யார்? ஒருவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம். தொழிலாளியின் பத்திரிகை கேட்காமல் வேறு யார் கேட்பது?

ஆஸ்துமாவுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிய மூதாட்டியின் இடுப்பெலும்பு முறிந்தால், அது வயதின் வேலை மட்டுமல்ல, மாத்திரையின் வேலையும்கூட. இது டாக்டருக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். விழுங்குகிறவளுக்கு மட்டும் தெரியாது. இந்த அநியாயத்தைத்தான் இங்கே எடுத்துப் பேசுகிறோம்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவள் நடமாடினாள். 1950இல் ஹென்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் கைதட்டி ஓய்வதற்குள் மருந்தின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. முகம் உப்பும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இன்று கடும் இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன். மூச்சடைத்துச் சாகக் கிடப்பவளை ஒரு வாரத்தில் மீட்டுத் தருவதும் அதே மாத்திரைதான். உயிர் போகிற நேரத்தில் எலும்புக் கணக்குப் பார்க்கச் சொல்லும் மூடர்களல்ல நாம். ஒரு வாரத்துக்கு என்று கொடுத்தது ஒரு வருடமானால், மாதம் ஒரு முறை என்று வழக்கமானால், அப்போதுதான் சண்டைக்கு வருகிறோம்.

எலும்பு செத்த கட்டையல்ல. பழைய எலும்பை இடிக்கும் கூட்டம் ஒன்று, புதிதாகக் கட்டும் கூட்டம் ஒன்று, இரண்டும் நம் உடம்பில் நாள்தோறும் பெரட்டுக்கு வந்து வேலை செய்கின்றன. ஸ்டீராய்டு வந்ததும் கட்டும் கூட்டத்துக்கு வேலை இல்லை. இடிக்கும் கூட்டத்துக்கு ஓவர்டைம்! போதாக்குறைக்குக் குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்பது குறைகிறது; ஏற்றதும் சிறுநீரில் ஒழுகுகிறது; தொடைச் சதை வலுவிழந்து கால் தடுமாறுகிறது. மாத்திரை தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே எலும்பு வேகமாகக் கரைகிறது. தினம் 5 மில்லிகிராம், மூன்று மாதம், இதுதான் டாக்டர்கள் போட்டிருக்கும் எச்சரிக்கைக் கோடு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜனும் ஏற்கெனவே விடைபெற்றுவிட்டது. ஒரு பக்கம் வயது, ஒரு பக்கம் மாத்திரை. நடுவே நம் தாய்.

இன்னொன்றைக் கவனியுங்கள். முதுகெலும்பு முறிவதற்கு விழவே வேண்டியதில்லை. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் போதும். பலமாக இருமினால்கூடப் போதும். முள்ளெலும்பு ஒன்று நசுங்கும், பிறகு இன்னொன்று. உயரம் குறையும், கூன் விழும். “காண்டா வாளி சுமந்த கூன்” என்று ஊர் பெருமை பேசும். கூன் விழுந்தால் நெஞ்சுக்கூடு சுருங்குகிறது. நுரையீரலுக்கு இடம் குறைகிறது. மூச்சு மேலும் இரைக்கிறது. இரைப்பு கூடினால் மேலும் மாத்திரை! மூச்சுக்காக எலும்பைக் கொடுத்தவளுக்குக் கடைசியில் மூச்சும் கிடைக்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்காவது ஒரு சீட்டு இருக்கிறது. சீட்டே இல்லாத ஸ்டீராய்டை என்ன சொல்வது? பாசார் மாலாமில், பேருந்து நிலையத்து ஓரத்தில், வீடு வீடாக வரும் பையில், “மூலிகை”, “ஜாமு”, “நூறு வியாதிக்கு ஒரே மருந்து” என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் ஆய்வுக்கூடம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். விழுங்கிய மறுநாள் இழுப்பு நிற்கிறது, மூட்டுவலி போகிறது, பசி எடுக்கிறது, முகம் பூரித்து நிலாவாகிறது. “கிழவிக்கு இளமை திரும்பிவிட்டது” என்று பேரன் சிரிக்கிறான். அந்தப் பூரிப்பு நோயின் அடையாளம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி டெக்ஸாமெத்தசோன் டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத சரக்கு. பதிவில்லாத மருந்தை விற்கும் தனியாளுக்கு 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டம் முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பொட்டலம் தலையணைக்கடியில் இருக்கிறது. பெட்டியின் மேல் எம்.ஏ.எல். என்ற எழுத்தும் எட்டு எண்ணும், பாரம்பரிய மருந்தானால் கடைசியில் டி என்ற எழுத்தும், மின்னும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றவன் மாமன் மகனாயிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஆனால் பல வாரமாக விழுங்கி வந்தவர்கள் தாமாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். பட்டென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, உயிராபத்து. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, “ஸ்டீராய்டா? அப்படியானால் பம்பும் வேண்டாம்” என்று தூக்கி எறிகிற புத்திசாலிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். மாத்திரையில் 30 மில்லிகிராம், அதாவது 30,000 மைக்ரோகிராம், உடம்பு முழுதும் பாய்கிறது. தடுப்புப் பம்பில் பலருக்குத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சில நூறு மைக்ரோகிராம். அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மிக அதிக அளவைப் பல வருடம் இழுத்தால் எலும்பைக் கொஞ்சம் தொடலாம். ஆகவே இழுப்பை அடக்கும் மிகக் குறைந்த அளவைக் கேட்டு வாங்குங்கள், இழுத்தபின் வாயைக் கொப்பளியுங்கள். தடுப்புப் பம்பைத் தினமும் இழுப்பவளுக்கு மாத்திரை தேவைப்படும் நாட்கள் குறையும். எலும்புக்கு அதுவே பெரிய காப்பு. நம் வீடுகளில் நடப்பதென்ன? நீலப் பம்பை மட்டும் அழுத்திக்கொண்டு காலம் தள்ளுகிறோம். நீலப் பம்பு அப்போதைக்கு மூச்சைத் திறக்கும். உள்ளே இருக்கும் புண்ணை ஆற்றாது. அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாதென்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது.

சரி, இழுப்பு வந்தது எப்படி? எல்லாப் பழியையும் தோட்டத்தின் மேல் போட மாட்டோம். பரம்பரையும் உண்டு, விறகடுப்பும் உண்டு, புகைமூட்டமும் உண்டு. ஆனால் ஸ்டோரில் அமோனியாவையும் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தையும் முகர்ந்தவர்கள் யார்? புகைக்கூடத்தில் ஷீட் காயப் போட்டவர்கள் யார்? முகமூடியில்லாமல் மருந்துத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் தெனாகானித்தாவும் சேர்ந்து தோட்டத்துத் தெளிப்புப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டன. பாராகுவாட் அதே 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் தேதி முதல் மீண்டும் தடையானது. இடைப்பட்ட வருடங்களை யார் திருப்பித் தருவார்?

தொழிலால் வந்த ஆஸ்துமாவைத் தொழில்நோய் என்று சொக்சோ ஏற்கிறது. ஆனால் அந்த ஆஸ்துமாவுக்குத் தின்ற மாத்திரையால் எழுபது வயதில் முறிந்த இடுப்பை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? சொக்சோவின் முடத்தன்மைத் திட்டம் 60 வயதோடு கதவைச் சாத்திக்கொள்கிறது. அதற்குள் தோட்டமும் கைமாறிவிடுகிறது. பத்து காவானில் பால்மரமும் செம்பனையும் நின்ற பக்கத்தில் இன்று தொழிற்சாலைகள். 2014இல் இரண்டாவது பாலமும் அங்கேயே வந்து இறங்கியது. லயத்தை விட்ட தாய் மகனோடு ஜார்ஜ்டவுன் அடுக்குமாடிக்கு வருகிறாள். அங்கே அவளைத் தெரிந்த டிரஸர் இல்லை; பழைய சீட்டும் இல்லை. புது டாக்டரிடம் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

கணக்கு என்றதும் நம் கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் பாலை நிறுக்கிறோம், மெட்ரோலாக் போட்டு ரப்பர்ச் சத்து எத்தனை சதம் என்று பார்க்கிறோம், ஒட்டுப்பாலைக்கூட விடுவதில்லை. பால் எடுத்தவளை யாராவது நிறுத்துப் பார்த்ததுண்டா? ஆசியப் பெண்களுக்கென்று 2001இல் ஒரு சுலபக் கணக்கு வந்திருக்கிறது. கிலோவில் எடையை எழுதி, அதிலிருந்து வயதைக் கழித்து, வருவதை ஐந்தால் வகுங்கள். 68 வயது, 45 கிலோ என்றால் மைனஸ் 23. ஐந்தால் வகுத்தால் மைனஸ் 4.6. மைனஸ் நாலுக்குக் கீழே போனால் எலும்பு மெலிந்திருக்கும் அபாயம் அதிகம். டாக்டரிடம் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். ஸ்டீராய்டும் இக்கணக்கில் வராது; மூன்று மாதம் மாத்திரை விழுங்கியவளுக்குக் கணக்கு நல்லதாக வந்தாலும் அவளையும் அனுப்பியே தீர வேண்டும்.

பால்மாவுக் கம்பெனிகள் “எலும்புக்குப் பலம்” என்று டின்னில் எழுதி விற்கும் வித்தையைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கேழ்வரகுக் கூழ், முள்ளோடு தின்னும் நெத்திலி, தௌஃபூ, தயிர், முருங்கைக்கீரை எல்லாம் நம் அடுப்படியிலேயே உண்டு. கொஞ்சம் வெயிலும் நடையும் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தின்பவளுக்குக் கூழும் பாலும் மட்டும் காணாது. அலெண்ட்ரோனேட் போன்ற, வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. அலெண்ட்ரோனேட் என்ற மருந்து 1995 முதலே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எழுதும்போதே எலும்புக் காப்பைப் பற்றியும் டாக்டர் பேச வேண்டும். “டாக்டர், என் எலும்புக்கு என்ன வழி?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளுங்கள், அம்மா!

அரசாங்கத்திடமும் கேட்கிறோம். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் நாற்பது வயதைத் தாண்டிய ஏழைகளின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கிறது. நல்ல காரியம். அதே மேசையில் எடை, வயது, இழுப்பு, மாத்திரை என்ற நாலு கேள்வி கேட்டு எலும்புக்கும் ஒரு வரி எழுத என்ன தடை? எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவி எல்லாக் கிளினிக்கிலும் இல்லையென்பது தெரியும். அபாயம் உள்ளவளுக்காவது வழிகாட்டிச் சீட்டுத் தரட்டும்.

நிர்வாகங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அவளுடைய வைத்தியச் சீட்டின் நகல் ஒன்றைக் கொடுங்கள். எந்த வருடம், எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பது அதில் இருக்கட்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுத் தாய்மார் தின்னும் எல்லாப் பொட்டலங்களையும், பெயர் ஒட்டாதவை உட்பட, எடுத்து வரட்டும். எடை மெஷின் ஒன்றை வாசலில் வைத்திருப்போம்.