நன்றியும் மௌனமும்

சுதந்திர தின நன்றி வழிபாடுகளில், கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரையுள்ள நம் கரையோரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றில், நாட்டுக்கு நன்றியுள்ள கிறிஸ்தவன் அரசைக் குறைகூற மாட்டான் என்னும் உபதேசம் ஆண்டு தவறாமல் ஒலித்து வருவதும், கேட்போர் தலையசைத்து வீடு திரும்புவதும் நெடுநாளாக என் உள்ளத்தை வருத்துகின்றன.

இதற்கு ஆதாரமாக, உரோமையருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 13 ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதை எழுதிய சின்னப்பரோ, பிலிப்பி நகரில் விசாரணையின்றித் தம்மை அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள் தாமே வந்து அழைத்துப் போனாலன்றி வெளியேறேன் என்று நின்றவர். இவ்வாதத்திற்கு இது போதும்.

சிறுபான்மையோராகிய நமக்கு ஆள்வோர் இடங்கொடுத்ததே மகத்தான உபகாரம் என்பது அவர்களுடைய பிரதான நியாயம். இடங்கொடுத்தவர் யார்? 1658 இல் இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். கற்பிட்டியில் கோட்டையும் எழுப்பினர். 1687 இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகளார், அங்கே வேட்டையாடப்பட்டு, கண்டி அரசனின் துறையாயிருந்த புத்தளத்தை அடைந்து, 1692 இல் கண்டிக்கு ஏகி, ஒற்றனென்ற சந்தேகத்தில் சிறையிருந்து, ஈற்றில் பௌத்தனாகிய விமலதர்மசூரியனின் அனுமதியுடனேயே ஊழியஞ் செய்தார். கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த அரசு துரத்திய குருவைப் புத்தரை வணங்கிய மன்னன் காத்தான். நம் நன்றி முதலாவது சேரவேண்டியது அங்கேயே. அதற்கும் மேலாக, அவரை இரவோடிரவாக ஒளித்துவைத்துச் சோறிட்ட ஏழை வேதக்காரர், இன்றைய பிரசங்கியார் போதிக்கும் நன்றியைக் கைக்கொண்டிருந்தால், அவரை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்திருக்க வேண்டுமே! அப்படி நேர்ந்திருந்தால் தலவிலையில் அன்னம்மாள் பெருநாள் ஏது? 2015 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது ஆனந்தக் கண்ணீர் விட்ட நாம், ஆள்வோரின் கட்டளையை மீறியவர்களின் வீடுகளிலேதான் அந்தப் புனிதர் உயிர்தரித்தார் என்பதை மறப்பது தகுமா?

குறைகூறல் தேசத்துரோகம் என்பார்க்கு, எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவரே மறுமொழி.

நாடென்பது அரசன்று. சர்வேசுரன் நமக்கீந்த கடலும், களப்பும், உப்பளமும், அவற்றால் சீவிக்கும் சகல மதத்தினருமே நாடு. நுரைச்சோலை அனல்மின் திட்டத்தைச் சிலாப ஆயர் பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ எதிர்த்தது, இந்த உபகாரத்தை உணர்ந்த நெஞ்சின் செயலென்றே நான் கொள்ளுகிறேன். 2019 ஏப்ரல் 21 இல் கட்டுவாப்பிட்டிக் கோயில் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இன்றும் நீதி கேட்கின்றனர். நன்றியின் பெயரால் அவர்களை மௌனமாயிருக்கச் சொல்லும் பிரசங்கியார், முதலில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லட்டும்.