வன மகோத்சவமும் வாராக் கடனும்

ஜூலை பிறந்தால் போதும், டெல்லியில் எல்லா ஆபீசுக்கும் மரத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். 1950-ல் கே.எம்.முன்ஷி ஆரம்பித்து வைத்த வன மகோத்சவம், இன்றைக்கு பேனர், தொப்பி, சமோசா, குரூப் போட்டோ என்று ஆகிவிட்டது. எங்கள் வங்கியும் இதற்கு விதிவிலக்கு இல்லை. (எந்த வங்கி என்று கேட்காதீர்கள், இன்னும் பதினைந்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது :-))

நான் பி.காம். தாவரவியல் தெரியாது, கணக்கு தெரியும். என்னைக் கேட்டால், கன்று நடுவது கடன் கொடுப்பது மாதிரி. நட்ட அன்றைக்கு ஒன்றும் சாதித்துவிடவில்லை, பணத்தைப் பட்டுவாடா செய்திருக்கிறோம், அவ்வளவுதான். மூன்று கோடை தாண்டி எத்தனை நிற்கிறது என்பதுதான் வசூல். 90 நாள் தவணை வராவிட்டால் வாராக் கடன் என்று எழுத வைக்க எங்களுக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. செத்த கன்றைக் கணக்கில் கழிக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பட்டுவாடாவை மட்டும் காட்டி லாபம் என்று ஒரு மேனேஜர் எழுதினால் இன்ஸ்பெக்‌ஷனில் தோலை உரித்துவிடுவார்கள். மரத்தில் அதையேதான் வருஷா வருஷம் செய்து கைதட்டிக்கொள்கிறோம்.

போன வருஷம் நாங்கள் நட்ட இடத்தில் ஒரு மாலி இருந்தார், கான்ட்ராக்ட் ஆள். "சாப், ஜூலையில் எல்லாரும் வருகிறீர்கள். மழை பெய்யும்போது நான் என்னத்துக்கு, நீங்கள் என்னத்துக்கு? மே மாதம் ஒருத்தரும் வருவதில்லையே" என்றார். டெல்லி மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 45 டிகிரி, லூ காற்று. கன்றுக்கு ஆள் வேண்டியது அப்போதுதான்.

சரி, இன்னொரு விஷயம். நாம் நடப்போகும் இடம் வெறும் இடமா? டெல்லியின் ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலையின் வால். சுமார் 7,777 ஹெக்டேர், நாலைந்து துண்டாகக் கிடக்கிறது. இயல்பிலேயே அது முள்ளும் புதருமான வறண்ட காடு. பார்ப்பவருக்கு 'சும்மா கிடக்கிறது' என்று தோன்றும், அங்கே கொண்டுபோய் அசோக மரம் வைப்பார்கள்! அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. இவர்கள் டாக் என்று சொல்வது நம்ம புரசு (புரசைவாக்கம் பேரிலேயே இருக்கிறதே, அது). ஜாண்ட் என்பது நம்ம வன்னி.

வந்து உட்கார்ந்துகொண்டவரும் நமக்குத் தெரிந்தவர்தான். நான் பரமக்குடிப் பக்கம். முதல்முறை ரிட்ஜுக்குள் போனபோது, அடடா, இவனா, இங்கேயுமா என்றிருந்தது. சீமைக் கருவேலம்! இங்கே பெயர் விலாயதி கீக்கர். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் ஒன்றுதான், இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பாஷைக்காரர்கள் ஒரே மரத்துக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே ரிட்ஜைப் பச்சையாக்க வெள்ளைக்காரன் காலத்தில் விதைத்தது. பிறகு அது வேறு எதையும் எழவிடவில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு நம் ஊரில் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள், ஞாபகம் இருக்கும். இங்கே அப்படிச் செய்ய முடியாது. ஒரேயடியாக வெட்டினால் மண் மொட்டையாகும், பறவைகள் எங்கே போகும்? அதனால் கிளையை மட்டும் கழித்து வெளிச்சம் விட்டு, கீழே உள்ளூர் மரங்களை ஏற்றிவிட்டு, மெதுவாகத்தான் இவனை வெளியே அனுப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலையா இது?

முடியாது என்றும் இல்லை. பக்கத்தில் குர்காவ் ஆரவல்லி பூங்காவைப் பாருங்கள். கல் உடைத்துப் பாழாய்ப்போன சுரங்க நிலம். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் குழு சேர்ந்து, ஆரவல்லி மரங்களுக்கென்றே நர்சரி போட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். அங்கேயும் கம்பெனி ஆட்கள் வந்து நட்டார்கள்தான். ஆனால் எதை, எங்கே நடுவது என்று தெரிந்தவர்கள் முன்னாலும் இருந்தார்கள், பின்னாலும் இருந்தார்கள்.

"தன்னார்வலர் என்று நாலு பேர் இலவசமாக வேலை செய்தால், அந்த மாலிக்குச் சம்பளம் எதற்கு என்று அரசாங்கம் கேட்காதா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. கேட்கும். அதனால்தான் மாலி செய்கிற வேலையை நாம் செய்யக்கூடாது என்கிறேன். நாம் செய்ய வேண்டியது கண்ணாக இருப்பது. தேக்கடியில் வசந்த சேனை என்று ஒன்று உண்டு. 2002-லிருந்து, பெரியாறு காட்டோரத்துப் பெண்கள் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள், கூலி வாங்காமல். சென்னையில் மாணவர்கள் ஆமை முட்டைக்காக 1988-லிருந்து ராத்திரியில் கடற்கரையில் நடக்கிறார்கள். இவர்களிடம் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது. விடாமல் வருவதுதான் விசேஷம்.

டெல்லிக்கும் அந்தச் சரித்திரம் உண்டு. 1979-ல் ரிட்ஜை வெட்டாதே என்று கிளம்பிய பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து பிறந்ததுதான் கல்பவிருக்ஷ் அமைப்பு. அப்படிப்பட்ட ஊரில், 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜ் பக்கம் சாலைக்காக சுமார் 1,100 மரங்களை, நீதிமன்ற அனுமதி வாங்காமலே சாய்த்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது அவமதிப்பு என்று சொல்லி, அதிகாரிகளுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் வந்துவிட்டது, மரம் வருமா? வாரா வாரம் அந்தப் பக்கம் நடக்கிற பத்துப் பேர் இருந்திருந்தால் வெட்டு நின்றிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதல் நாளே சத்தம் கேட்டிருக்கும்.

அதனால் இந்த வருஷம் ஆபீசில் ஒரு நோட் வைத்திருக்கிறேன். புதுக் கன்று ஒன்றும் வேண்டாம். போன வருஷம் நட்டதை ஒவ்வொன்றாக எண்ணி, உயிரோடு இருப்பது எத்தனை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பேனர் காசில் மே, ஜூன் இரண்டு மாதத்துக்குத் தண்ணீர் டேங்கர். மாலிக்கு அந்த இரண்டு மாதம் கூட ஒரு ஆள். ஃபைல் மேலே போயிருக்கிறது, இன்னும் கீழே வரவில்லை. "போட்டோ எங்கேய்யா எடுப்பது?" என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது.

அது வருகிறபோது வரட்டும். நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு காலை ஆறரைக்கு சஞ்சய் வனம் போகிறோம், நடந்து பார்த்து, குறித்துக்கொண்டு எட்டரைக்குத் திரும்பிவிடுவோம். ஆர்.கே.புரம், முனிர்கா பக்கத்து நம்மவர்கள் யாராவது வருவதாக இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை, கெட்டியான ஷூ கட்டாயம். கீக்கர் முள் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். குரங்குக்கு வாழைப்பழம் மட்டும் கொண்டுவராதீர்கள், புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறவர்களால்தான் அதுகள் ரோட்டுக்கு வருகின்றன.