இறால் குஞ்சுக்கு பிசிஆர், மனுஷனுக்கு "வைரல் ஃபீவர்"

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அது அடுத்த வாரம் :-)

பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இறால் பண்ணை வச்சிருக்கிற யார்கிட்டயாவது பேசிப் பாருங்க. குஞ்சு வாங்கும்போது அவர் கேக்கற கேள்வி, "பிசிஆர் பாத்தாச்சா?" 1990களின் நடுவுல வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து குளம் குளமா இறால் செத்துச்சே, அப்போ கத்துக்கிட்ட பாடம் அது. துள்ளி நீந்துற குஞ்சுக்குள்ளயும் வைரஸ் இருக்கலாம், கண்ணால பாத்து சொல்ல முடியாதுன்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

சரி, அதே ஊர்ல காலேஜ் போற பையனுக்குக் காய்ச்சல் வந்தா? "வைரல் ஃபீவர்". ஒரு ஊசி, அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக். கிட்னி மாத்தின மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தா? பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்குப் போனார்னா, பல நேரம் அவருக்கும் இதே சீட்டுதான்.

"வைரல் ஃபீவர்"ங்கிறது நோயோட பேர் இல்லைங்க. எந்த வைரஸ்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் போறதில்லைங்கிறதை நாகரிகமா சொல்ற விதம். வைரஸ்னு வாயால சொல்லிட்டு, வைரஸை ஒண்ணுமே செய்யாத ஆன்டிபயாடிக்கை கையால எழுதறது எந்த ஊர் நியாயம்?

மாணவர்களையே எடுத்துக்குவோம். எப்ஸ்டீன்-பார் வைரஸ்னு ஒண்ணு, 1964ல கண்டுபிடிச்சது. எச்சில் வழியா பரவும். நம்மூர்ல பெரும்பாலும் சின்ன வயசுலயே சத்தமில்லாம வந்து போயிடும். அப்போ தப்பிச்சவங்களுக்கு காலேஜ் வயசுல வந்தா காய்ச்சல், தொண்டை வலி, கழுத்துல நெறி கட்டறது, வாரக்கணக்கா அசதி. இதைத் தொண்டைப் புண்ணுன்னு நினைச்சு அமாக்சிசிலின் கொடுத்தா பலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பும். "மாத்திரை ஒத்துக்கலை"ன்னு அடுத்த மாத்திரை. மண்ணீரல் வேற வீங்கியிருக்கலாம், அந்த நேரத்துல கபடி ஆடி அடிபட்டா உயிருக்கே ஆபத்து. பேர் தெரிஞ்சா தேவையில்லாத மருந்தை நிறுத்தலாம், பையனைக் கொஞ்ச நாள் களத்துல இறங்காம பாத்துக்கலாம். அதே காய்ச்சல் டெங்குவா இருந்தா கவனிக்க வேண்டியதே வேற. ஒரு ரத்தப் பரிசோதனையில தெரியற விஷயம் இது.

மாணவனாவது பெரும்பாலும் தானா எழுந்துடுவான். உறுப்பு மாத்தினவங்க கதை அப்படி இல்லை. புது கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வச்சிருக்காங்க. நம்மில் பெரும்பாலானவங்க உடம்புல சின்ன வயசுலேர்ந்தே தூங்கிக்கிட்டு இருக்கிற சைட்டோமெகலோ வைரஸ் அப்போ முழிச்சுக்கும். குடல், நுரையீரல், ஈரல்னு எங்க வேணா போகும். ஏற்கனவே எல்லார் உடம்புலயும் இருக்கிறதால "இருக்கா, இல்லையா"ங்கிற டெஸ்ட் இவங்களுக்குப் போதாது. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பிசிஆர்ல எண்ணிப் பாக்கணும்.

இன்னொண்ணு பிகே வைரஸ். 1971ல ஒரு கிட்னி மாத்தின நோயாளியோட சிறுநீர்ல கண்டுபிடிச்சு, அவர் பேரோட முதலெழுத்துகளையே வச்சாங்க. நம்ம வேலூர் சி.எம்.சி.யில கிட்னி மாற்று ஆரம்பிச்ச காலமும் அதேதான். கிரியேட்டினின் ஏறுதுன்னு வைங்க. உடம்பு கிட்னியைத் தள்ளுதுன்னா எதிர்ப்பை அடக்கற மருந்தைக் கூட்டணும். பிகே வைரஸ்னா அதே மருந்தைக் குறைக்கணும். ரெண்டும் நேர் எதிர்! டெஸ்ட் பாக்காம குத்துமதிப்பா மருந்து கொடுத்தா ஒருத்தர் தானமா கொடுத்த கிட்னி போச்சு.

மருந்துக்காக நாம சண்டை போட்டிருக்கோம். சைட்டோமெகலோ வைரஸுக்கான வால்கான்சிக்ளோவிர் மருந்துக்கு ரோஷ் கம்பெனி வாங்கின காப்புரிமையை 2007ல கொடுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம். எச்.ஐ.வி. நோயாளிகளோட அமைப்புகளும் இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்து நின்னதுல 2010ல அதே அலுவலகம் ரத்து செஞ்சது. பெரிய வெற்றி. ஆனா யாருக்கு எப்போ கொடுக்கணும்னு சொல்ற டெஸ்ட் கைக்கு எட்டலைன்னா மருந்து மலிவா கிடைச்சு என்ன புண்ணியம்?

"பிசிஆர் எல்லாம் தாலுகா ஊருக்கு ஆகற காரியமா?"ன்னு ஒரு அண்ணாச்சி பின்னூட்டத்துல வருவார். தெரியும். அண்ணாச்சி, 2020ல என்ன நடந்தது? மூக்குல குச்சி விட்டு எடுத்து, குளிர்பெட்டியில வச்சு, லேபுக்கு அனுப்பி, ரிசல்ட்டை போன்ல சொன்னாங்களே! கொரோனாவுக்காகத் தமிழ்நாடு முழுக்க பிசிஆர் லேப் திறந்தாங்களே! பழவேற்காட்டு மீனும் நண்டும் ஐஸ் பெட்டியில கெடாம சென்னைக்குப் போகுது. ஒரு ரத்தக் குழாய் போகாதா?

எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் எடுக்கச் சொல்லலை. அது லேபுக்காரங்களுக்குத்தான் லாபம். நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. மாணவனுக்கு: ஆன்டிபயாடிக் எழுதறதுக்கு முன்னாடி ரத்த எண்ணிக்கை, தேவைப்பட்டா டெங்கு டெஸ்ட். உறுப்பு மாத்தினவருக்கு: முதல் வருஷமாவது பொன்னேரி ஆஸ்பத்திரியிலயே ரத்தம் எடுத்து, சென்னைக்கு அனுப்பி, வைரஸ் அளவை ஆபரேஷன் செஞ்ச டாக்டருக்கே சொல்றது. கூனங்குப்பத்துலேர்ந்து ஒரு மனுஷன் ஒரு நாள் தொழிலை விட்டுட்டு, பஸ் புடிச்சு, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல நின்னுக்கிட்டே போய் ரத்தம் கொடுக்கணும்னா எத்தனை மாசம் போவார்? ஒரு மாசம் விடுவார். வைரஸுக்கு அந்த ஒரு மாசம் போதும்.

2008லேர்ந்து உறுப்பு தானத்துல தமிழ்நாடு முன்னோடின்னு பெருமையா சொல்லிக்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. கொடுத்த உறுப்பைக் காப்பாத்தறதும் அந்தக் கணக்குல வரணும். இறாலுக்குச் செய்யறதை மனுஷனுக்கும் செய்யுங்கப்பா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உறுப்பு மாத்தினவங்களுக்குக் காய்ச்சல்னா அன்னிக்கே ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, சண்டை போடலாம்.